அறைக்குள் அடைபட்ட காற்று: வாசகர் கேள்வி – பதில்

கச்சான் என்னும் வரண்ட வெக்கைக் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள் இருக்கும் வெக்கையையும் புழுக்கத்தையும் புகையையும் பற்றியவையாகவே இருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றுசேர்த்து, நீண்டவற்றைச் சுருக்கி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சென்ற மாதம் படுக்கையறைக்கு ஏசி பூட்டினோம். குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று யன்னல் இடுக்குகளைக்கூட ரேப் ஒட்டி அடைத்துவிட்டோம். நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் அதற்குள்தான் படுக்கிறோம். காலையில் எழும்பும்போது எல்லோருக்கும் தலை பாரமாக இருக்கிறது. மகளுக்குத் தொண்டை வரண்டுபோகிறது. "வெளியில் இருக்கும் பெட்டி வெளிக்காற்றை இழுத்துக் குளிராக்கித்தானே உள்ளே விடுகிறது, பிறகென்ன?" என்கிறார் என் கணவர். அது சரியா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

சரியில்லை. ஆனால் ஏசி வாங்கும் பலரும் உங்கள் கணவரைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்பவர்களும் அதைத் திருத்த மெனக்கெடுவதில்லை. சுவரின் உட்புறம் பூட்டப்படும் அலகு, அறையில் ஏற்கெனவே இருக்கும் காற்றை இழுத்து, குளிர்ந்த சுருளின் மேலாகச் செலுத்தி, மறுபடியும் அதே அறைக்குள் விடுகிறது. அதற்கும் வெளியிலுள்ள பெட்டிக்கும் இடையில் போவன செப்புக் குழாய்களும் மின்கம்பியுந்தான். உள்ளிருந்து எடுக்கப்பட்ட வெப்பத்தை வெளியில் கொட்டுவதே அந்தப் பெட்டியின் வேலை. ஆகவே இடுக்குகளை ரேப் ஒட்டி அடைத்த அந்த அறையில், நீங்கள் நால்வரும் இரவு முழுவதும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சிலோ அது நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் நான்கு பேர் படுத்து, காற்று மாற வழியே இல்லாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அந்த அளவு மில்லியனுக்கு 1000 பங்கைத் தாண்டிவிடும். காற்றோட்டம் போதாது என்பதற்கு அடையாளமாகப் பொறியியலாளர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை அது. இந்த அளவில் காபனீரொட்சைட்டு ஒரு நஞ்சாகிவிடுவதில்லை. ஆனால் அது ஏறியிருக்கிறதென்றால் வியர்வை வாடையும் புதுப் பெயின்ற், புதுத் தளபாடம் ஆகியவற்றிலிருந்து வெளிவரும் ஆவிகளும் தடிமன் பிடித்த பிள்ளையின் கிருமிகளும் அதனுடன் சேர்ந்தே தேங்கியிருக்கின்றன என்று பொருள். தலைப்பாரமும் விடிந்தும் தீராத அசதியும் இத்தகைய அறைகளில் அடிக்கடி சொல்லப்படும் முறைப்பாடுகளே.

தொண்டை வரட்சிக்குக் காரணம் வேறு. ஏசி உண்மையில் மனிதரைக் குளிர்விப்பதற்காகப் பிறந்ததே அல்ல. 1902 இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரப்பதன் மாறும்போதெல்லாம் கடதாசி விரிந்தும் சுருங்கியும் வர்ண அச்சு விலகிக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்வதற்காகவே வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் இந்த முறையை வகுத்தார். காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பது இன்றும் அதன் பாதி வேலை. உங்கள் வீட்டுச் சுவரோரம் குழாய் வழியே சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் அப்படிப் பிழியப்பட்டதுதான். 18 பாகையில் வைத்து, காற்று நேராக முகத்தில் படும்படி படுத்தால் தொண்டையும் கண்ணும் வரளாமல் என்ன செய்யும்?

முதலில் அந்த ரேப்பைக் கழற்றிவிடுங்கள். படுப்பதற்கு முன் கால் மணி நேரம் யன்னல்களை முழுதாகத் திறந்துவிட்டு, பிறகு ஏசியைப் போடுங்கள். இரவில் ஒரு யன்னலையோ உள் அறைக்கான கதவையோ இரண்டு விரற்கடை அளவுக்குத் திறந்து வையுங்கள். அதனால் மின்கட்டணம் சற்றுக் கூடும். அதை ஈடுகட்ட ஏசியை 26 அல்லது 27 பாகையில் வைத்துக் கூரை மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். மேனியில் காற்று அசைந்தால் இரண்டு மூன்று பாகை குறைந்தது போலவே உடல் உணரும். உள் அலகின் முன்மூடியைத் தூக்கினால் கையோடு கழன்று வரும் வலைச்சட்டத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்துப் பூட்ட வேண்டும். ரேப்பைக் கழற்றிய பிறகும் தலைப்பாரம் தொடருமானால் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

கடந்த ஜூனில் எயார் கூலர் ஒன்று வாங்கினோம். அப்போது சொர்க்கமாக இருந்தது. மாரி தொடங்கியதும் அதைப் போட்டால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது, மெத்தை நமத்துப்போகிறது. இயந்திரத்தில் கோளாறா?
— வாசகர், ஏறாவூர்

இயந்திரத்தில் கோளாறில்லை, பருவம் மாறிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கி வரும்போது அமுக்கப்பட்டு வெப்பமேறி வரண்டுபோகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். வரண்ட காற்று தண்ணீரை ஆவலோடு உறிஞ்சும், உறிஞ்சும்போது குளிரும். எயார் கூலரும் யன்னலில் நனைத்துத் தொங்கவிடும் சேலையும் இந்த ஒரே விதியில்தான் வேலை செய்கின்றன. வாடைக்காலத்தில் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்து வருவதால் அது தண்ணீரை ஏற்காது. கூலர் குளிரைத் தராமல் ஈரத்தை மட்டும் அறைக்குள் சேர்க்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏசிக்கு மூடுவது போல எயார் கூலருக்கும் யன்னலை மூடிவிடுகிறார்கள். கூலரை யன்னலோரம் வைத்து எதிர்ப்பக்க யன்னலைத் திறந்துவிட்டால்தான் ஈரமேறிய காற்று வெளியேறும். மாரியில் அதைத் தண்ணீரில்லாமல் வெறும் மின்விசிறியாகப் பயன்படுத்தலாம். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறையாவது முழுவதும் வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிட அதைவிட வசதியான இடம் வீட்டுக்குள் வேறில்லை.

வெள்ளம் வடிந்து மாதங்கள் ஆகியும் சுவரின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் புள்ளிகள் போகவில்லை. இரண்டு முறை பெயின்ற் அடித்தும் திரும்ப வருகிறது. மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. அந்த அறையில் படுத்தால் இரவில் கூடுகிறது. இரண்டுக்கும் தொடர்பிருக்கிறதா?
— வாசகி, ஆரையம்பதி

இருக்கிறது. ஈரக்கசிவும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு மூச்சு வருத்தங்களும் முட்டும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தையும் கண்ட நம் பகுதிகளில் இது ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல.

நனைந்த பொருளை ஓரிரு நாட்களுக்குள் காயவைத்துவிட்டால் பூஞ்சணம் பெரும்பாலும் பிடிப்பதில்லை. அந்த வாய்ப்புக் கடந்துவிட்ட பிறகு, அதன் மேல் பெயின்ற் அடிப்பது அதை மூடிவைப்பதே தவிர அழிப்பதாகாது. அலுமாரியை நகர்த்திப் பாருங்கள். சுவரை ஒட்டி வைத்த அலுமாரியின் முதுகுப்பக்கத்தில், வெளியே தெரிவதைப்போலப் பல மடங்கு கறுத்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, புள்ளிகளைச் சவர்க்காரத் தண்ணீரால் ஈரத்தோடு தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டினால் நுண்வித்துகள் காற்றில் பறக்கும். இந்த வேலை நடக்கும்போது மகன் வீட்டில் இருக்கக் கூடாது. அதன் பின்னர் சுவர் முழுமையாகக் காயும் வரை பெயின்ற் வேண்டாம். ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, கூரைத்தண்ணீர் சுவரோரம் விழுந்து தேங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்தாவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரும். நனைந்து ஊறிய பஞ்சு மெத்தையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, அதை எறிந்துவிடுவதே நல்லது. மகனின் தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் கொதிநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். ஈரப்பதன் கூடிய அறைகளில் பெருகும் தூசிப்பூச்சிகளும் முட்டு வருத்தத்தைத் தூண்டுவனவே. வைத்தியர் கொடுத்த பம்பை மட்டும், அறை சுத்தமாகிவிட்டது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகடுப்புக்கு மாறியவர்கள் நாங்கள். விலையைப் பார்த்து இன்னும் பாதிச் சமையல் விறகில்தான். அம்மம்மா "நான் அறுபது வருசம் இந்தப் புகைக்குள்தான் சமைத்தேன், எனக்கென்ன வந்தது?" என்கிறா. அதோடு மாலையில் சாம்பிராணியும் இரவில் நுளம்புச்சுருளும் உண்டு. இவற்றில் எது கூடாது?
— வாசகி, திருக்கோவில்

மூன்றிலும் ஒரே பொருள்தான் கேடு செய்கிறது: 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறிய புகைத்துகள். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு கூட இராத இது மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. ஒரு நாள் சராசரியாகக் கன மீற்றருக்கு 15 மைக்குரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் விதித்த அளவு. புகைப்போக்கி இல்லாத விறகடுப்பு எரியும் அடுப்படியில் சமையல் நேரத்தில் அது பல நூறைத் தாண்டுவது வழக்கம். வீட்டுப் புகையால் 2020 இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று அதே ஸ்தாபனம் கணித்திருக்கிறது. அம்மம்மாவைக் குறைசொல்ல வேண்டாம். ஆனால் அவரின் வயதொத்த பெண்களில் எத்தனை பேர் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள், எத்தனை பேர் படியேறினால் இளைக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அடுப்புப் புகையோடு தொடர்பு உண்டு. அம்மம்மா சமைத்த அடுப்படி கிடுகு வேய்ந்து, வீட்டிலிருந்து விலகி, நாலு பக்கமும் காற்று போகும்படி இருந்திருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் அதே அடுப்பைச் சீமெந்துக் குசினிக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

காஸுக்கு முழுவதும் மாறுங்கள் என்று எழுதுவது எளிது. மாதக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு அது பதிலாகாது. விறகை ஒரு பருவம் முன்னதாகவே வெட்டிப் பிளந்து, மழைபடாத இடத்தில் காயவிடுங்கள். ஈரப் பொச்சுமட்டையும் பச்சைப் பாளையும் எரிவதைக் காட்டிலும் புகைவதே அதிகம். நெருப்பு மூட்டுவதற்குப் பொலித்தீன் பையைப் போடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே கைவிட வேண்டும். அடுப்புக்கு மேல் கூரையை ஒட்டி ஒரு திறப்பு இருக்கட்டும், புகைப்போக்கி வைக்க முடிந்தால் மிக நன்று. புகை எந்தப் பக்கம் போகிறதென்று அறிய ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பருகே பிடித்துப் பாருங்கள். அதன் இழை யன்னலை நோக்கி வளைந்தால் நல்லது, வீட்டுக்குள் வளைந்தால் நடுக்கதவை மூடிவிட்டுச் சமையுங்கள். அவிப்பதற்கு நெடுநேரம் எடுப்பவற்றைக் காஸில் பிரஷர் குக்கரில் வைத்தால் செலவும் குறையும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

சாம்பிராணியை விடச் சொல்லும் எண்ணம் எங்களுக்கில்லை. யன்னல்களைத் திறந்துவைத்துப் போடுங்கள். முட்டுக்காரர் அந்நேரம் விறாந்தையில் இருக்கட்டும். நுளம்புச்சுருள் வேறு கதை. ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. யன்னலைப் பூட்டி, கட்டிலுக்குக் கீழே சுருளைக் கொளுத்திவைத்து, அதன் மேல் பிள்ளையைப் படுக்கவைக்கும் வழக்கத்தை வேறெப்படிச் சொல்வது? டெங்கு உள்ள ஊரில் நுளம்பைச் சும்மா விடவும் முடியாது. வலைதான் நல்ல வழி. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் பகலுறக்கத்துக்கும் வலை போடுங்கள். சுருள் தவிர்க்க முடியாத நாட்களில், மாலை ஆறு மணியளவில் ஆளில்லாத அறையில் கொளுத்தி, படுக்கும் முன் அணைத்து, அறையைத் திறந்துவிடுங்கள்.

நான் தகரக் கொட்டகை ஒன்றில் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். எழுபது பிள்ளைகள் வரை இருப்பார்கள். பின்னேர வகுப்பில் பாதிப்பேர் தூங்கி விழுகிறார்கள். ஏசி பூட்டலாமா என்று யோசிக்கிறேன்.
— ஆசிரியர், கல்முனை

வேண்டாம். எழுபது பேரை ஒரு மூடிய கொட்டகையில் அடைத்து ஏசி போடுவது, முதற்கடிதத்தின் படுக்கையறையைப் பதினேழு மடங்காக்குவதற்குச் சமம். ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தால் வகுப்புக்கே வரும். அறியப்படாத காசநோயாளி ஒருவர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெரு நாட்டின் லிமா நகர வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், யன்னல்களும் கதவுகளும் திறந்த அறைகளில் மணிக்கு 28 தடவை அளவில் காற்று மாறியது. காசநோயாளருக்கென இயந்திரக் காற்றோட்டம் அமைத்த அறைகளுக்கு விதித்த அளவோ 12 தடவைதான். உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் உள்ள பழைய கட்டிடங்களே எல்லாவற்றிலும் சிறப்பாக இருந்தன. மட்டக்களப்பு நகரின் பழைய பாடசாலைக் கட்டிடங்களுக்குள் நடுப்பகலில் நுழைந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மாணவர்களைத் தூங்கவைப்பது தேங்கிய காற்றும் கூரை வெக்கையும் சேர்ந்துதான். வெப்பம் மூளையை மந்தமாக்கும் என்பதற்குச் சான்று உண்டு: 2016 கோடையில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஏசி இல்லாத விடுதியில் தங்கிய மாணவர்கள் சில சோதனைகளில் 13 சதவீதம் வரை பிந்தியே விடை சொன்னார்கள். இளவயதினரும் உடல்நலம் உள்ளவர்களுமே அவர்கள். ஆகவே குளிர்ச்சி வேண்டும். ஆனால் அதைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்து, உட்புறம் ஓர் அடி இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது பன்பாய் கட்டினால் தலைக்கு மேல் இறங்கும் வெக்கை வெகுவாகக் குறையும். பக்கச் சுவர்களை இடுப்பளவுக்கு மட்டும் வைத்து மேலே கம்பிவலை போடுங்கள். மின்விசிறிகள் காற்று வரும் பக்கத்திலிருந்து போகும் பக்கத்துக்கு வீசட்டும். எழுபதை முப்பத்தைந்தாகப் பிரித்து இரண்டு வகுப்பாக நடத்தினால் வருமானத்துக்கு ஏற்படும் கேடு உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஏற்படும் நன்மையையும் அதோடு வைத்துப் பாருங்கள். கொட்டகையின் ஒரு பகுதிக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருந்தால், பாசி சுரண்டுவதும் துளையிடுவதும் உடைப்பதும் கூடாது, அந்த நார்த்தூசி புற்றுநோயைத் தருவது.

எங்களுடையது தட்டு வீடு. வாப்பாவுக்கு 78 வயது, பிரஷர் குளிசை குடிக்கிறார். இரவு ஒரு மணி வரைக்கும் வெக்கை அடங்குவதில்லை. மின்விசிறி மட்டும் போதுமா?
— வாசகர், சம்மாந்துறை

கூரையாக உள்ள கொங்கிரீட் தட்டு பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிவைத்து இரவில் வெளிவிடுகிறது. தட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வாப்பாவின் படுக்கையை நேரே தட்டுக்குக் கீழ் உள்ள அறையிலிருந்து விறாந்தைப் பக்கம் மாற்றுங்கள். கச்சான் அனலாக வீசும் பிற்பகலில் மேற்குப்பக்க யன்னல்களை மூடித் திரையிட்டு, பொழுது பட்டதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

மின்விசிறி உதவும், ஆனால் அது காற்றைக் குளிராக்குவதில்லை. வியர்வையை ஆவியாக்குவதுதான் அதன் உதவி. முதியவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகமும் தெரிவதில்லை. அதனால் கை, கழுத்து, முகம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மின்விசிறியின் முன் இருத்துங்கள். அறை வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது மின்விசிறி உடலை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. பிரஷர் குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டுவன என்பதால், வெக்கை நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்; குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். பேச்சுத் தடுமாறி, மேனி கொதித்து, ஆள் மயங்கினாற்போல் இருந்தால் உடம்பை நனைத்துக்கொண்டே உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் என்று விற்கிறார்கள். அவற்றை வாங்கலாமா, எயார் பியூரிபயர் வாங்கலாமா?
— வாசகி, அக்கரைப்பற்று

செடி அழகுக்கு. வீட்டுக் காற்றில் அதனால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் வர, அறையை நிரப்பிக் காடாக்க வேண்டியிருக்கும். பியூரிபயரில் ஹெப்பா வடிகட்டி இருந்தால் துகள்களைப் பிடிக்கும். காபனீரொட்சைட்டையும் ஈரத்தையும் அது தொடாது. பெரும்போக அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் எரிக்கும் நாட்களில், முட்டு உள்ளவர் படுக்கும் அறைக்கு அது பயன்படும். எல்லா யன்னல்களையும் சில மணி நேரம் மூடிவைக்க நாங்கள் சொல்லும் ஒரே சந்தர்ப்பமும் அதுதான். ஓசோன் வெளிவிடும் கருவிகளை வாங்காதீர்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஜெனரேற்றரைக் குசினிக்குள் வைத்துத்தான் போடுகிறோம். வெளியே வைத்தால் நனைகிறது, களவும் போகும். பின்கதவைத் திறந்துதான் வைக்கிறோம். பரவாயில்லையா?
— வாசகர், வாகரை

இன்றைக்கே வெளியே எடுங்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்கதவைத் திறந்துவைத்தது போதாது. தலையிடி, குமட்டல், சோர்வு என்று தொடங்கி, உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோவார். வீட்டிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி, நாலு கம்பு நட்டு மேலே மட்டும் தகரம் போட்டுச் சங்கிலியால் கட்டிவையுங்கள். ஜெனரேற்றர் ஓடும்போது வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்தால் காரணம் தேடிக்கொண்டிராமல் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள்.